எட்டு மணி பன்னிரண்டு நிமிடம்

எங்கள் ஊரில் காபி என்றால் மூன்று சுற்று. ஒரே கோப்பையோடு எழுந்து போகிறவரை யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். தலைநகரில் நீங்களெல்லாம் நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவதாகக் கேள்வி. இங்கே அது வேண்டாம், உட்காருங்கள். இந்தக் கொட்டை இன்று காலை என் மனைவி வறுத்து இடித்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் நேரமாகும்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. பழைய பெட்டிகளை மாற்ற வந்தீர்கள். சைரன் பெட்டியின் பதிவுகளை நகல் எடுத்தீர்கள். அதில் ஒரு வரி கண்ணில் பட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால் பெட்டியின் கடிகாரத்தை யாரோ ஆறு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தியிருக்கிறார்கள், அது ஏன் என்று கேட்டீர்கள். யாரோ இல்லை, நான்தான். செரிஹுன் என்ற என் பெயரும் அந்த வரியிலேயே இருக்கிறது. அந்தப் பெட்டி ஐந்நூறு வரிதான் வைத்துக்கொள்ளும், புது வரி வந்தால் பழையது விழுந்துவிடும். இன்னும் நாற்பத்தொரு வரி வந்திருந்தால் இதுவும் விழுந்திருக்கும். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த நிலையத்தின் வேலை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். நம் நாட்காட்டியில் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், அதில் பதினொரு மாதம் எங்கள் ஆறு வெறும் மணல். அந்த மணலில்தான் சந்தை. வெங்காயம், தக்காளி, ஒட்டகம், பழைய துணி எல்லாம் ஆற்றுக்குள்ளேயே விற்கும். மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கி வரும். மலையிலுள்ள அளவுகோல்கள் அதை முன்கூட்டியே இந்த அறைக்குச் சொல்லும். இங்கே இருப்பவர் சைரனை ஒலிக்க விட்டால் சந்தை கரையேறிவிடும். இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும், தக்காளியைக்கூட அள்ளிக்கொண்டு ஏறலாம்.

சைரன் பெட்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரைக் கோபுரத்தில் பூட்டிக் கிடக்கிறது. அதற்குள் சின்னதாக ஒரு மேலாண்மைப் பலகை, பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் தனி சர்க்யூட். பெட்டி நின்றாலும் பலகை விழித்திருக்கும். இங்கிருந்து கட்டளை அனுப்பினால் அது பெட்டியை நிறுத்தும், தொடங்கும், சூடு எவ்வளவு, விசிறி ஓடுகிறதா என்று நிலை சொல்லும். அந்த வருடம் அதில் ஒரு தொல்லை. எந்தக் கட்டளை கொடுத்தாலும் பாதி நேரம் திரையில் எரர் வரும். பதில் இல்லை, மீண்டும் முயலவும் என்று வரும். எல்லாரும் மீண்டும் மீண்டும் முயன்று அலுத்துப்போய்க் கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஏனென்றால் பதிவு, அதாவது லாக், படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது கோயிலில் பாதிரியார் வாசிக்கிற பழைய மொழி மாதிரி. காதில் விழும், புரியாது. மதிய முறையில் வேலை பார்த்த எத்தெனெஷ் இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வாள்.

"பாதிரியார் வந்துட்டாரு, எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க. வேதம் வாசிக்கப் போறாரு."

"சிரி, நல்லா சிரி. திரை பொய் சொல்லும், லாக் சொல்லாது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

"ஆமென். எங்க பாவத்தையெல்லாம் அதுல எழுதியிருக்கா, இல்ல இனிமேதானா?"

வாய்க்காரி. ஆனால் வேலையில் கெட்டி. அளவுகோல்களின் எண்களைப் பார்க்காமலே சொல்லுவாள். அவள் கணவன் லெகெஸெ சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தான். நல்ல மனிதன். எனக்கு எடை போடும்போது எப்போதும் இரண்டு வெங்காயம் கூடப் போடுவான்.

இரண்டு வாரம் பெட்டியின் பதிவையும் இங்குள்ள கணினியின் பதிவையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பார்த்தேன். கணினியின் பதிவு தினமும் இரவில் தானே அழிந்துவிடும், அதனால் அன்றன்றைக்கே பார்த்தேன். கணினி பதிலுக்காக ஐந்து நொடிதான் காத்திருந்தது. கோபுரத்துப் பலகை கிழடு, பதில் சொல்ல அதற்கு ஏழு நொடி ஆனது. அதற்குள் கணினி பொறுமை இழந்து எரர் என்று சொல்லிவிடும். ஆனால் இங்கே எரர் என்று விழுந்த ஒவ்வொரு கட்டளையும் அங்கே, பெட்டியின் பதிவில், நிறைவேறியிருந்தது. கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது, பதில்தான் தாமதம். அதாவது நிறுத்து என்று சொல்லி எரர் வந்தால், பெட்டி நின்றுவிட்டது என்றே அர்த்தம்.

இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கலாம். ஐந்து நொடியைப் பத்து என்று மாற்றியிருந்தால் தொல்லையே தீர்ந்திருக்கும். நான் இரண்டும் செய்யவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆளாளுக்கு என்னைக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை முறை என்னுடையது. நீங்கள் கணினியோடே வாழ்பவர், வெளிநாட்டு மணியே பழகியிருக்கும். இங்கே நாங்கள் நம் மணியில்தான் எல்லாம் எழுதுவோம். விடியும்போது பன்னிரண்டு, உச்சி வெயிலில் ஆறு. என் முறை பன்னிரண்டிலிருந்து ஆறு வரை, எத்தெனெஷுடையது ஆறிலிருந்து மறுபடி பன்னிரண்டு வரை. பெட்டியின் கடிகாரம் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வெளிநாட்டு மணியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, என்னைத் தவிர யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை.

காலை இரண்டு மணி வாக்கில் பெட்டியின் சூடு அதிகமாகக் காட்டியது. விசிறி திணறுகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடும். நிறுத்து என்று கட்டளை கொடுத்தேன். எரர் வந்தது. எரர் வந்தால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் நான். ஐந்து நிமிடம் ஆறட்டும், பிறகு தொடங்கலாம் என்று நினைத்தேன். அப்போது முற்றத்திலிருந்து, எங்களுக்குக் காபி போடும் ஸைனபா அக்கா கூப்பிட்டாள்.

"செரிஹுன், ரெண்டாவது சுத்து ஊத்தியாச்சு. ஆறிப்போனா நான் பொறுப்பில்ல சொல்லிட்டேன்."

"வந்துட்டேன் அக்கா."

போய் உட்கார்ந்தேன். எங்கள் மேலாளர் ஷிமெலிஸ் ஐயா தன் மைத்துனன் கோவேறு கழுதை வாங்கி ஏமாந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீளமான கதை, நன்றாகவும் சொன்னார். மூன்றாவது சுற்றும் முடிந்துதான் எழுந்தோம். பெட்டியை மறந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு எத்தெனெஷ் வந்தாள். ஒப்படைப்பு நோட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஏதாவது உண்டா, பாதிரியாரே?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரி."

"அப்போ கையெழுத்தைப் போட்டுட்டுக் கெளம்புங்க. வீட்டுல ஒருத்தர் காலையில இருந்து மூட்டை எறக்க ஆளில்லன்னு புலம்பல். நான் என்ன, ஆத்துல எறங்கி வெங்காயம் தூக்கவா முடியும்?"

எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மற்றதெல்லாம் பிறகு விசாரணையில் அவள் சொன்னது. எட்டு மணி சுமாருக்கு அவள் பெட்டியின் நிலையைக் கேட்டிருக்கிறாள். எரர் வந்தது. எப்போதும் வருவதுதானே என்று விட்டுவிட்டு, நோட்டில் மட்டும் ஒரு வரி எழுதினாள். எட்டு மணி தாண்டி, பெட்டிக்குக் கட்டளை, எரர் என்று. ஒன்பதே காலுக்கு மேல் மலை அளவுகோலில் நீர் ஏறியது. சைரனை அழுத்தினாள். சத்தமில்லை. மறுபடி அழுத்தினாள். ஜன்னலைத் திறந்து காதை வெளியே நீட்டினாள். சந்தைச் சத்தம்தான் கேட்டது.

பிறகு ஓடினாள். இரண்டு கிலோமீட்டர், இறக்கம், வெறுங்கால். வழியில் ஓர் ஆட்டோக்காரனை நிறுத்தியிருக்கிறாள், அவன் இவளைப் பைத்தியம் என்று நினைத்துப் போய்விட்டான். கரைக்கு வந்து ஏறுங்கள் ஏறுங்கள் என்று கத்தியிருக்கிறாள். வெயில் காய்கிறது, சைரன் இல்லை, ஒருத்தி கத்துகிறாள். யார் நம்புவார்கள்? லெகெஸெ நம்பினான். கையிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடைக் கிழவியைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்ற மனைவியை நோக்கி நடந்து வந்தானாம். இருபது அடி இருக்கும்போது தண்ணீர் வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். பதினான்கு பேர் போனார்கள்.

மறுநாள் காலை என் முறை. அறைக்கு வந்து பெட்டியின் பதிவைத் திறந்தேன். கடைசி வரி: 08:12, கட்டளையின்படி நிறுத்தப்பட்டது. வெளிநாட்டு மணியில் எட்டு பன்னிரண்டு, நம் மணியில் காலை இரண்டு பன்னிரண்டு. என் நேரம், என் கட்டளை. எல்லாருக்கும் அறையில் ஒரே கடவுச்சொல் என்பதால் பெயர் இல்லை. வெளியே போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது மேசையில் அவளுடைய நோட்டு திறந்தபடி கிடந்தது. எட்டு மணி தாண்டி, கட்டளை, எரர்.

முழுப் பதிவையும் அழிக்க ஒரு கட்டளை உண்டு. அழித்தால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள். அதனால் நான் ஒரு வரியையும் தொடவில்லை. பெட்டியின் கடிகாரத்தை மட்டும் ஆறு மணி நேரம் பின்னுக்கு வைத்தேன், நம் மணிக்கு. இனி அந்த 08:12ஐ யார் படித்தாலும் நம் மணி என்றே படிப்பார்கள், நம் மணியில் எட்டு பன்னிரண்டு அவள் நேரம். அதற்குத் தனிக் கடவுச்சொல் வேண்டும், அது என்னிடம் மட்டும்தான் இருந்தது, அதனால்தான் என் பெயர் விழுந்தது. பிறகு பெட்டியைத் தொடங்கினேன். இந்த முறை எரர்கூட வரவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைவர் அனுபவசாலி, கேட்க வேண்டிய கேள்வியை முதலிலேயே கேட்டார்.

"இந்த எட்டு பன்னெண்டு யாரு மணி? நம்ம மணியா, வெளிநாட்டு மணியா?"

"பெட்டியையே பாருங்க ஐயா," என்றேன்.

பார்த்தார். பெட்டி நான்கு இருபது காட்டியது. அவர் கைக்கடிகாரமும் நான்கு இருபது. தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அவர்கள் கேட்ட வரியை நான் வாசித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த வரிதான் நீங்கள் இன்று கண்டது. அதை வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எத்தெனெஷ் கறுப்புத் துணி போர்த்தி எதிரில் உட்கார்ந்திருந்தாள். கணவனை அடக்கம் செய்து ஆறு நாள் ஆகியிருந்தது.

"நீ என்னம்மா டைப் பண்ணினே? நிலைன்னா, நிறுத்துன்னா?" என்றார் தலைவர்.

"நிலைதான்னு நெனைச்சேன் ஐயா."

"நெனைச்சியா, தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். உதவி கேட்கும் பார்வை இல்லை அது. பாடம் ஒப்பிக்கும்போது பிள்ளைகள் வாத்தியாரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"லாக் நிறுத்துன்னு சொல்லுதுன்னா, அப்போ நான்தான் நிறுத்தியிருக்கேன். திரை பொய் சொல்லும், லாக் சொல்லாது."

அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். கவனக்குறைவு, குற்ற நோக்கம் இல்லை என்று எழுதியதால் சிறை இல்லை. அதற்கு நான்கூடப் பரிந்து பேசினேன். அந்த வாரமே ஐந்து நொடியைப் பத்து நொடி ஆக்கினேன். எரர் வருவது நின்றுவிட்டது. "அவ போனதும் எரரும் போச்சு பாத்தியா," என்றார் ஷிமெலிஸ் ஐயா.

லெகெஸெயின் வீட்டார் அவளை வெளியே அனுப்பினார்கள். சந்தைக்குப் போனால் பெண்கள் அவளுக்கு வெங்காயம் விற்க மாட்டார்கள், முகத்துக்கு நேராகவே கூடையை மூடுவார்கள். நான் அவளுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு முறை. சாப்பிட மறுப்பாள். நான் என் கையால் அப்பத்தில் ஒரு வாய் பிட்டுக் குழம்பில் தோய்த்து ஊட்டுவேன், நம் வழக்கப்படி. ஊட்டுகிற கவளத்தை மறுக்கக் கூடாது, அதனால் வாங்கிக்கொள்வாள். அந்த நாட்களில் அவள் விரல் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"நிலைன்னு அடிக்கப் பாக்குறேன். என் வெரல் தானா எங்க போகுதுன்னு பாக்குறேன்."

இதைக் கேட்டு நான் அழுதேன். நடிக்கவில்லை, உண்மையாகவே அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். நீங்கள் குடிக்கிற காபி எத்தெனெஷ் வறுத்தது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. நான் அவளைக் குறைவில்லாமல்தான் வைத்திருக்கிறேன், ஊரைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் அந்த வியாழன் வரும்போது அவள் மூன்று நாள் சாப்பிட மாட்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து என் காலடியில் உட்கார்ந்து, "நீங்களாவது என்னை மன்னிச்சீங்களா?" என்று கேட்பாள். மன்னித்தேன் என்று சொல்வேன். அவளை மன்னித்த ஒரே ஆள் நான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். போன வருடம் என்னால் தாங்க முடியவில்லை. ஒருவேளை அது நீ இல்லையோ என்னவோ என்று ஆரம்பித்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அந்தப் பாவமும் என் தலையிலதான் விழும்."

அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது? சொல்ல முயன்றேன், அவள்தான் விடவில்லை.

ஒன்றை மாற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியை மறந்துவிட்டேன் என்றேன். காபி குடிக்கும்போது மறந்தது உண்மை. அன்று மதியம் ஏழு மணிக்கு, வீட்டில் படுத்திருந்தபோது, நினைவு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். கைபேசியை எடுத்து அவள் எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். பெட்டி நிற்கிறது, தொடங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் காலையில் நிறுத்தியவர் யார், எல்லாம் சரி என்று எழுதியவர் யார் என்று கேட்பாள். பாதிரியாரே வேதத்தை மறந்துட்டாரு என்று மறுநாள் முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன், ஒரு மேகம் இல்லை. காலையில் போய்ச் சத்தமில்லாமல் தொடங்கிக்கொள்ளலாம் என்று கைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். நன்றாகத் தூங்கினேன். தண்ணீர் வர இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. அந்தப் பதினான்கு பேரை நான்தான் கொன்றேன், அவள் கிண்டல் செய்வாளே என்று பயந்து. இதை எந்தப் பதிவும் எழுதி வைக்கவில்லை, நான் சொன்னால்தான் உண்டு.

மணி ஐந்தே முக்கால். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதே, அவள்தான். தினமும் இந்த நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அறைக்குள் வர மாட்டாள், வாசலிலேயே நின்று, பாதிரியார் பேசியே உங்களைக் கொன்னுட்டாரா என்று கேட்பாள். புது ஆள் என்று உங்களுக்கும் ஒரு வாய் ஊட்டுவாள். மறுக்காதீர்கள்.

பெட்டி மாற்றும் வேலை முடியும்வரை, உத்தரவுப்படி இன்று ஆறு மணியிலிருந்து இந்த அறை உங்கள் பொறுப்பு. பதிவின் நகலும் உங்களிடம்தான் இருக்கிறது. அவளிடம் சொல்வதா, வேண்டாமா என்பது இனி நீங்கள் பார்த்துச் செய்ய வேண்டியது. நான் எதையும் மறைக்கவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டேன். நான்கு வருடத்தில் இன்றுதான் மனசு லேசாக இருக்கிறது. இந்தாருங்கள் ஒப்படைப்பு நோட்டு. என் இடத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், நீங்கள் கீழே போட்டால் போதும். ஆறு மணி, எல்லாம் சரி.